சக்கரம் நகர்ந்தா போதும்

உட்காருங்க. பையைக் கீழ வைங்க. என்ன அது, மாதுளையா? எனக்கா? எதுக்கு? முன்னப் பின்னத் தெரியாதவங்க பழத்தோட வீட்டுக்கு வந்தா நான் கொஞ்சம் யோசிப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏர்போர்ட்டுல வேலை பார்த்தவன். பையைத் தொடறதுக்கு முன்னாடி இது யார் பைன்னு கேட்டே பழகிப்போச்சு.

பொண்ணுக்குத் தாய்மாமன்னு சொல்றீங்க. இருக்கட்டும். ஊரு கீரனூர். பொண்ணு பேரு யாழினி, பல் டாக்டர். நல்லது. கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மருந்துக்கடை வச்சிருக்காரே, ஒரு வழுக்கைத் தலை, அவர் பேரென்ன? தங்கராசு. சரிதான். இல்ல, சும்மா கேட்டேன். கம்பெனியிலேர்ந்து ஆளை அனுப்பி என் வாயைக் கிளறிப் பார்க்கிறாங்களோன்னு ஒரு இது. ரிட்டயர் ஆனவனைக்கூட விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை விஷயமா விசாரிக்க வந்திருக்கீங்க. கேப்டன் இளம்பரிதி. துறையூர்க்காரன். அவன் இவன்னு பேசறேனேன்னு பார்க்காதீங்க, என் மூத்த பையன் வயசுதான் அவனுக்கு. சொல்றேன். மறைக்காம சொல்றேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை. நாளைக்கு ஒண்ணு ஆகி, 'சிங்காரவேலுக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தான்'னு ஒரு பேச்சு வரக்கூடாது.

நீங்க அவனுக்குப் பொண்ணு கொடுக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன். காரணத்தைக் கேளுங்க.

நான் அப்போ நம்ம ஊர் ஏர்போர்ட்டுல ஷிப்ட் இன்சார்ஜ். விமானம் வந்து இறங்கினதுலேர்ந்து மறுபடி கிளம்புற வரைக்கும் தரையில நடக்கிற எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. மூட்டை இறக்கணும், மூட்டை ஏத்தணும், எண்ணெய், தண்ணி, சாப்பாடு, ஜனங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிக்கணும். பைலட் மேல உட்கார்ந்திருப்பான், ராஜா மாதிரி. வெயில்ல ஓடறது நாங்க.

ஒண்ணு உங்களுக்குப் புரியணும். விமானம் லேட்டாச்சுன்னா அதை யாராவது ஒருத்தர் தலையில எழுதியாகணும். சும்மா லேட்டுன்னு விட முடியாது. எஞ்சினியர் தலையிலா, பைலட் தலையிலா, எங்க தலையிலா? ஒவ்வொருத்தனும் அடுத்தவனைக் கை காட்டிக்கிட்டு நிப்பான். நான் யாரையும் நம்பாத ஆளா ஆனது அங்கதான். 'சார், ஒரு டீ சாப்பிடலாமா'ன்னு எஞ்சினியர் சிரிச்சுக்கிட்டே வந்தார்னா, இன்னைக்கு லேட்டு என் தலையில விழப்போகுதுன்னு அர்த்தம்.

அந்த மாசம் எங்க ஸ்டேஷன்ல ஒரு விமானம்கூட லேட்டாகல. ஒண்ணுகூட. மாசம் அப்படியே முடிஞ்சா என்னை ஸ்டேஷன் மேனேஜர் ஆக்கறதா சென்னை ஆபீஸ்ல வாய்விட்டே சொல்லியிருந்தாங்க. ரிட்டயர் ஆகப்போற நேரம். போறப்பவாவது மேனேஜர்னு போகலாமேன்னு ஒரு ஆசை. வீட்டு வாசலுக்குப் பேர்ப்பலகைகூட மனசுக்குள்ள எழுதி வச்சிருந்தேன். மாசத்தோட கடைசி நாள். அன்னைக்குப் பார்த்து வந்து சேர்ந்தான் உங்க மாப்பிள்ளை.

மத்தியான விமானம். சின்னது. ரெக்கையில காத்தாடி சுத்துமே, அந்த வகை. சென்னைக்குப் போகணும். மூட்டையெல்லாம் ஏத்தி, முன்பக்கச் சரக்குக் கதவைச் சாத்தியாச்சு. ஜனங்களைக் கூப்பிடலாம்னு நான் கையைத் தூக்கறேன், இவன் எஞ்சினியரை மேல வரச் சொல்றான். என்னடான்னா, ஒரு விளக்கு எரியுதாம். சரக்குக் கதவு பூட்டலைன்னு சொல்ற விளக்கு.

கதவு பூட்டியிருக்கு. நான் பார்க்கிறேன், கண்ணு முன்னாடி இருக்கு. தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நிக்குது. எஞ்சினியர் ராபின்சன், நாகர்கோவில்காரர், நல்ல மனுஷன், அதாவது அந்த வேலையில இருக்கிறவங்கள்ல நல்ல மனுஷன். அவர் கதவைத் திறந்து, சென்சாரைத் துணியால துடைச்சு, மறுபடி சாத்தினார். விளக்கு அணைஞ்சுது. அணைஞ்சுதா? அணைஞ்சுது. கிளம்ப வேண்டியதுதானே? இவன் என்ன பண்ணினான் தெரியுமா? கிளம்பல. அணைஞ்ச விளக்கையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அப்படி முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா எந்த விளக்குதான் எரியாது? எரிஞ்சுடுச்சு.

ராபின்சன் சொல்றார், "கேப்டன், இது வெறும் தூசி. புஸ்தகப்படி போகலாம்."

புஸ்தகம்னா, எந்தக் கோளாறோட பறக்கலாம், எதோட பறக்கக்கூடாதுன்னு விமானத்துக்குள்ளயே ஒரு புஸ்தகம் இருக்கும். எல்லாம் முழுசா சரியா இருந்தாத்தான் கிளம்பணும்னா உலகத்துல ஒரு விமானமும் கிளம்பாதுங்க. அதுக்காகத்தான் அது. இந்த விளக்கும் அதுல இருக்கு. விளக்கு கெட்டிருந்தா, கதவு பூட்டியிருக்கான்னு நேர்ல பார்த்து உறுதி பண்ணிட்டுப் போகலாம்.

இவன் சொல்றான், "விளக்கு கெட்டிருந்தா போகலாம்ணே. கதவு கெட்டிருந்தா? எது கெட்டிருக்குன்னு முதல்ல சொல்லுங்க."

அண்ணேன்னுதான் கூப்பிடுவான். எல்லாரையும். மூட்டை தூக்கறவனைக்கூட. இவ்வளவு மரியாதையா பேசறவனைக் கண்டா எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்.

அதுக்குள்ள சென்னையிலேர்ந்து போன். "என்னய்யா சிங்காரவேலு, கடைசி நாள் அதுவுமா காலை வாரிவிடறியே?" மாடிப்படி மாதிரி இருக்குமே விமானத்துக்கு, அதுல ஏறிப் போனேன். பக்கத்து சீட்டுல துணை பைலட், ஒரு வடநாட்டுப் பொண்ணு, புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்துச்சு. அது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல. எல்லாம் பேசி வச்சுக்கிட்ட மாதிரி.

நான் நல்ல விதமாத்தான் சொன்னேன். "கேப்டன், எங்க கணக்குல சக்கரம் நகர்ந்தா போதும். நகர்ந்துட்டா விமானம் நேரத்துக்குக் கிளம்பினதா ஆயிடும். ஜனங்களை ஏத்தினதும் ஒரு பத்தடி நகர்த்துங்க. அங்க நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. உங்களுக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் இல்ல."

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்லங்க. எல்லா ஊர்லயும் செய்யறதுதான். பெரிய பெரிய கேப்டன்லாம் செஞ்சிருக்காங்க, எனக்காக. இவன் திரும்பி என்னைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்ல.

"பத்தடி பின்னாடி போனா கதவு பூட்டிக்குமாண்ணே?"

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. இறங்கி வந்துட்டேன். அப்பவே எனக்குப் பட்டுது, இவனுக்கு விளக்கும் இல்ல கதவும் இல்ல, உள்ள வேற ஏதோ இருக்கு. யோசிச்சுப் பார்த்தேன். துறையூர் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்? விமானம் இங்கயே நின்னுபோச்சுன்னா இவன் ராத்திரி அம்மா கையால சாப்பிட்டுட்டுத் தூங்கலாம். ஆமா, அதான். அம்மா வீட்டுக்குப் போறதுக்கு ஒரு விளக்கு!

நானும் சும்மா இருக்கிற ஆள் இல்ல. ஜனங்களை ஏத்தச் சொன்னேன். ஏன்னு கேளுங்க. காலி விமானத்துல உட்கார்ந்திருக்கிற பைலட்டுக்கு மனசு கல்லாத்தான் இருக்கும். பின்னாடி குழந்தை அழுது, வயசானவங்க விசிறிக்கிட்டு இருக்காங்க, ஒரு நகைக்கடைக்காரர் 'எனக்கு சென்னையில துபாய் விமானத்துக்கு மாறணும், எவன்யா இங்க பொறுப்பு'ன்னு கத்தறார்னா, எப்பேர்ப்பட்டவனும் சரி போலாம்னுடுவான். இதுவும் தொழில்தான். ஏத்தினேன். நல்ல சித்திரை வெயில்.

உங்க மாப்பிள்ளை எழுந்து வந்தான். உள்ள இருந்துக்கிட்டே மைக்ல பேசியிருக்கலாம். எழுந்து, ஜனங்க முன்னாடி வந்து நின்னு, தமிழ்ல பேசறான். "சரக்குக் கதவு சரியா பூட்டியிருக்கான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போவேன். உள்ள வெக்கையா இருக்கு, தயவுசெஞ்சு இறங்கி நிழல்ல உட்காருங்க. துபாய் போறவர் எங்க சார்? உங்க அடுத்த விமானத்துக்கு நான் சொல்லி வைக்கச் சொல்றேன்."

பொதுஜனத்துக்கிட்ட யாராவது இப்படிப் பேசுவாங்களா? தெரியலையாம்! தொழில்நுட்பக் காரணம்னு ஒரு வார்த்தை எதுக்கு இருக்கு? எவ்வளவு அழகான வார்த்தை. யாருக்கும் ஒண்ணும் புரியாது, யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. இவன் கதவுன்னுட்டான். அவ்வளவுதான், கத்திக்கிட்டு இருந்த நகைக்கடைக்காரர் முதல் ஆளா இறங்கினார். "தம்பி, நிதானமா பாருங்க தம்பி, ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னு இவன் தோளைத் தட்டிட்டுப் போறார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி என் சட்டையைப் பிடிக்க வந்தவர்!

அப்புறம் இவன் ரெக்கை நிழல்ல நின்னு போன் பேசினான். நான் பக்கத்துல மூட்டை வண்டி ஓரமா நின்னேன். ஒட்டுக்கேட்கல, காதுல விழுந்துச்சு. "தேனு, என்னால வர முடியாதும்மா. நீ உட்காரு, எனக்காக நிறுத்தாதே. ஒரு வளையலை மட்டும் எடுத்து வை, நான் வந்து போடறேன்." தங்கச்சியாம். அன்னைக்கு சாயந்தரம் சென்னையில தங்கச்சிக்கு வளைகாப்பாம். துணை பைலட் பொண்ணு அப்புறம் ராபின்சன்கிட்ட சொல்லியிருக்கு. அப்போ துறையூர்ல தங்கறதுக்காகப் பண்ணலைன்னு ஆகுதேன்னு நீங்க கேட்பீங்க. நானும் யோசிச்சேன். தங்கச்சி புருஷனோட ஏதாவது மனஸ்தாபம் இருந்து, போகாம இருக்க ஒரு சாக்கு தேடியிருந்தா? குடும்ப விஷயம், நமக்கென்ன தெரியும். எதுக்கும் நீங்க அதையும் விசாரிச்சுக்குங்க.

கோமதி, காபி கொண்டு வா. சர்க்கரை போடலாமாங்கறா என் வீட்டுக்காரி. உங்களைத்தான் கேட்கறா. போடலாமாம்.

எங்க விட்டேன்? போன். போனை வச்சுட்டு அவனே இறங்கிட்டான். வெள்ளைச் சட்டை, தோள்ல நாலு பட்டை. தரையில ஒரு முட்டியைப் போட்டு, கதவுக்குக் கீழ தலையை விட்டு, கொக்கி இருக்குமே, கதவைப் பிடிச்சு நிறுத்தற கொக்கி, அதை ஒவ்வொண்ணா விரலால தடவறான். ராபின்சன் டார்ச் அடிக்கிறார். மூணாவது கொக்கியிலயோ நாலாவதுலயோ நின்னுட்டான்.

"அண்ணே, இங்க வெளிச்சம் காட்டுங்க."

ராபின்சன் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து தொப்பியைக் கழட்டினார்.

என்ன பெரிய விஷயம்? ஒரு விரிசல். மயிரிழை. பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும், அவ்வளவு மெலிசு. பக்கத்துக் கொக்கி லேசா கோணியிருக்கு. அதனால கதவு சாத்தினா விளக்கு அணையுது, கொஞ்ச நேரத்துல கொக்கி நழுவுது, விளக்கு எரியுது. அவ்வளவுதான். அதுக்காக அத்தனை ஜனமும் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து, சென்னையிலேர்ந்து வேற விமானம் வந்து... விடுங்க.

அப்போ இவன் எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பார்த்துக் கேட்டான். "சார், இந்தக் கதவுல இன்னைக்கு எதாவது பட்டுதா?"

அதுவரைக்கும் அண்ணே. இப்போ சார். கவனிச்சீங்களா?

"இல்லையே"ன்னேன்.

என்ன கோமதி? காபியைக் கொடுத்துட்டுப் போயேன், நடுவுல என்ன பேச்சு? 'டிராக்டர் இடிச்சதைச் சொல்லுங்க'ன்றியா? இடிச்சுதுன்னு யார் சொன்னா? அவ சொல்றதைக் கேட்காதீங்க. நானே சொல்லத்தான் வந்தேன். காலையில அதே விமானம் ஒரு தடவை வந்து போச்சு. மூட்டை வண்டியை இழுக்கிற டிராக்டரை முனியசாமி கொஞ்சம் ஒடிச்சுத் திருப்பிட்டான். வண்டியோட மூலை திறந்திருந்த கதவு ஓரத்துல பட்டுது. பட்டுது, அவ்வளவுதான். முனியசாமி மூஞ்சி வெளுத்துப்போய் ஓடி வரான், "சார், சொல்லிடலாம் சார், எஞ்சினியரைக் கூப்பிடலாம் சார்"னு. நான் போய்ப் பார்த்தேன். பெயிண்ட்கூடப் போகல. எஞ்சினியரைக் கூப்பிட்டா என்ன ஆகும்? அவர் விமானத்தை நிறுத்துவார், லேட்டாகும், லேட்டு நேரா என் தலையில. மாசக் கடைசி நாள்ல! "போய் வேலையைப் பாரு, ஒண்ணும் ஆகல"ன்னு அனுப்பிட்டேன். நான் சொன்னது சரிதானே? ஒண்ணும் ஆகலையே. அந்தக் கதவோட அது சென்னைக்குப் போச்சுங்க. ஜனங்களோட. போயிட்டுத் திரும்பியும் வந்துச்சு! ரெண்டு தடவை பறந்த கதவு மூணாவது தடவை பறக்காதா? இதைத்தான் நான் விசாரணையிலயும் கேட்டேன். அங்க இருந்த ஒருத்தரும் பதில் சொல்லல. பதில் இருந்தாத்தானே சொல்லுவாங்க.

ஆமா, விசாரணை வந்துச்சு. கேமராவுல டிராக்டர் தெரிஞ்சுபோச்சு. யாரோ போட்டுக்கொடுத்திருக்கணும், இல்லேன்னா எவன் காலையிலேர்ந்து கேமராவைப் போட்டுப் பார்ப்பான்? முனியசாமியா, ராபின்சனான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். சென்னையில ஒரு குளிர் அறை, சுத்தி ஆறேழு பேர். இவனையும் கூப்பிட்டிருந்தாங்க. அங்கதான் முழு விஷயமே இருக்கு, கேளுங்க.

அவங்க இவனைக் கேட்கிறாங்க. "உங்ககிட்ட இவர் தெரிஞ்சே பொய் சொன்னாரா?" நான் அவனைப் பார்க்கல. மேஜையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என் வேலை அன்னைக்கே போயிடும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சின்னப் பொண்ணு அப்போ காலேஜ்ல. ஒரு வார்த்தை. இவன் சொன்னான், "கேட்டேன். இல்லைன்னார். அதுல பட்டுதுங்கறது அவருக்குத் தெரியும். அதனால கொக்கி உடைஞ்சிருக்கும்னு அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்றது?"

அந்தத் தெரியாதுலதான் என்னை விட்டாங்க. மேனேஜர் வேலை போச்சு. சரக்கு ஆபீஸ்ல ஒரு மூலையில உட்கார வச்சு, ரிட்டயர் பண்ணி அனுப்பினாங்க. ஆனா வேலை போகல.

இப்போ நீங்க சொல்லுங்க. எதுக்கு அப்படிச் சொன்னான்? அவனுக்கு என்ன லாபம்? நான் அவனை அவ்வளவு பாடு படுத்தியிருக்கேன். வெளியே வந்து, தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவனை நிறுத்திக் கேட்டேன். "ஏன் தம்பி காப்பாத்தினீங்க?"ன்னு. "நான் யாரையும் காப்பாத்தல சார். விளக்கைக் கேட்டாலும் உங்களைக் கேட்டாலும் எனக்குத் தெரிஞ்சவரைக்கும்தான் சொல்ல முடியும்"னான். அப்புறம் "மறுபடி எதாவது பட்டா மட்டும் சொல்லிடுங்க"ன்னுட்டுப் போயிட்டான். ஒரு திட்டுத் திட்டியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். திட்டாதவனை எப்படிங்க நம்பறது? என்னைக்காவது ஒருநாள் வந்து ஏதாவது கேட்பான், அதுக்குத்தான் விட்டு வச்சிருக்கான்னு இத்தனை நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வரல.

அதனாலதான் சொல்றேன், இந்த இடம் வேண்டாம். புரியாத ஆளு. மசியாத ஆளு. மேலதிகாரி சொன்னாலும் கேட்கல, ஜனம் கத்தினாலும் கேட்கல, தங்கச்சி வளைகாப்புக்குக்கூட அசையல. இவனுக்குப் பொண்ணு கொடுத்தா, ஒரு சினிமாவுக்கு நேரத்துக்குப் போக முடியுமா? பூட்டின கதவை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கிட்டு நிப்பான்.

என்ன? என்ன சொன்னீங்க? என் விலாசத்தைக் கொடுத்ததே அவன்தானா?

இருங்க. உங்க மச்சான், பொண்ணோட அப்பா, கேட்டாராம், 'உங்களைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம் தம்பி'ன்னு. அதுக்கு இவன் என் பேரைச் சொன்னானாம். ஏன், கூட பறக்கிறவங்க இல்லையா? சொந்தக்காரங்க இல்லையா? அவங்க நல்லதுதான் சொல்லுவாங்கன்னா? சரி, அதனால? 'அவருக்கு என்னைப் பிடிக்காது, ஆனா நடந்ததைச் சொல்லுவார்'னு சொன்னானா? இந்த வார்த்தையேவா?

கோமதி, இங்க வா. கேட்டியா? எனக்கு அவனைப் பிடிக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இங்க அனுப்பியிருக்கான். இதுல ஏதோ இருக்கு. சும்மா எவனாவது தன்னைப் பிடிக்காதவன் வீட்டு வாசலுக்குப் பொண்ணு வீட்டாரை அனுப்புவானா? நீ ஏன்டி சிரிக்கிறே?

அதுக்குள்ள எழுந்துட்டீங்களே. காபியை முழுசாக் குடிங்க. யாருக்குப் போன்? உங்க தங்கச்சிக்கா, பொண்ணோட அம்மாவுக்கா? என்னன்னு சொல்லப் போறீங்க? பேசி முடிச்சுடலாம்னா? நான் தொண்டைத் தண்ணி வத்த இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டீங்களா இல்லையா? முழுசாக் கேட்டதனாலதான்னா, அது என்னங்க பேச்சு? ஆளாளுக்குப் புரியாத மாதிரியே பேசறீங்க.

சரி. உங்க வீட்டுப் பொண்ணு, உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. தாலி கட்டறப்போ முடிச்சை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். நாத்தனார் போடற முடிச்சையும் விடமாட்டான். ஐயர் நேரம் ஆச்சு நேரம் ஆச்சும்பார், மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கிட்டு நிப்பார், கூட்டம் அட்சதையைக் கையில வச்சுக்கிட்டுக் கத்தும். யார் கத்தினாலும் நடக்காது. அதனால நாள் குறிக்கிறப்போ இந்த முக்கால் மணி முகூர்த்தமெல்லாம் வேண்டாம்னு ஜோசியர்கிட்ட சொல்லிடுங்க. நல்லா ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் இருக்கிற மாதிரி ஒரு முகூர்த்தமாப் பார்க்கச் சொல்லுங்க.

மாப்பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது.